நரம்பு தெரிஞ்ச பல்லுக்கு சுண்ணாம்பா, சிமென்ட்டா?

பர்மாவுல, எங்க யாங்கோன்ல எந்த முக்குல நின்னாலும் ஒரு வெத்தலக் கடை இருக்கும். கடைக்காரர் வெத்தலைய விரிச்சு வச்சு சுண்ணாம்புக் கிண்ணத்துல குச்சிய விட்டு ஒரே இழுப்பா இழுப்பார் பாருங்க, அந்த வெள்ளைப் பசைதான் கால்சியம் ஹைட்ராக்சைடு. நூறு வருசமா உலகம் பூரா பல் டாக்டருங்க நரம்பு வெளிய தெரிஞ்ச பல்லு மேல வச்சதும் இதேதான், சுத்தம் பண்ணி டியூப்ல அடைச்சது, அவ்வளவுதான் வித்தியாசம். இத நான் சொன்னா பேஷன்ட்டுங்க சிரிப்பாங்க, ஒரு தாத்தா மட்டும் சிரிக்காம "அப்ப நானே தடவிக்கிட்டா காசு மிச்சம்தானம்மா"ன்னு கேட்டார். தயவுசெஞ்சு யாரும் தடவிடாதீங்க, வாய் வெந்துரும்.

இத ஏன் எழுதுறேன்னா, போன மழைக்காலத்துல இருந்து நம்ம ஆளுங்க வந்து கேக்குறது ஒரே கேள்வி. வேற எடத்துல காட்டினோம், நரம்பு தெரியுது சிமென்ட் வச்சு மூடணும் செலவு கூட ஆகும்னு சொல்றாங்க, சாதா மருந்து வச்சா ஆகாதா, அவங்க காசு புடுங்கப் பாக்குறாங்களா? நான் ஒவ்வொருத்தருக்கும் வாயாலயே சொல்லிச் சொல்லி களைச்சுப் போய்ட்டேன், அதான் எழுதி வச்சிட்டா லிங்க் அனுப்பிடலாம்னு. தமிழ் நான் கோயில் டியூஷன்ல படிச்சது, பிழை இருந்தா கண்டுக்காதீங்க.

மொதல்ல நரம்பு தெரியுதுன்னா என்னன்னு சொல்லிடுறேன். நாம நரம்புன்னு சொல்றது நரம்பு மட்டும் இல்ல, பல்லுக்கு நடுவுல இருக்குற உயிருள்ள சதை, ரத்தக் குழாய், நரம்பு, புதுசா பல்லுப் பொருள உண்டாக்குற செல் எல்லாம் அதுல இருக்கு, பல்கூழ்னு புத்தகத்துல போட்டிருப்பாங்க. சொத்தைய சுரண்டிட்டே போகும்போது இல்ல பல்லு ஒடஞ்சு வரும்போது ஒரு குண்டூசித் தலை அளவுக்கு செவப்பு தெரியும், அதான். பழைய காலத்துல அது தெரிஞ்சாலே பல்லப் புடுங்குவாங்க, அப்புறம் அந்த சதைய முழுசா எடுத்துட்டு உள்ள அடைக்கிற ரூட் கெனால்னு வந்துச்சு. அந்த சதைய உயிரோட வச்சே மேல மூடி போட்டு ஆற விடுறதுதான் மூணாவது வழி. 1756-லயே பிலிப் ஃபாஃப்னு ஒரு ஜெர்மன்காரர் தங்கத் தகட்ட வச்சு மூடிப் பாத்திருக்கார், அப்ப இருந்தே எதால மூடுறதுங்குற சண்டை நடக்குது.

ஆனா எதால மூடுறோம்ங்குறதுக்கு முன்னாடி யார மூடுறோம்னு ஒண்ணு இருக்கு. ஐஸ் தண்ணி பட்டா சுளீர்னு இழுத்து சில செகண்ட்ல நின்னுடுதா, நல்லது. ராத்திரி தானா விண்ணு விண்ணுன்னு குத்தி தூங்க விடலையா, ஈறு வீங்கிடுச்சா, அப்ப சும்மா மேல ஒரு பொட்டு வச்சு மூடுறது சரிப்படாது, உள்ள கெட்டுப் போன பகுதிய கொஞ்சமாவது வெட்டி எடுத்துட்டுதான் மூடணும், இல்ல ரூட் கெனால்தான். அப்புறம் ரத்தம். ஹைப்போகுளோரைட், அதான் கிருமி கொல்ற பிளீச் மருந்து, அதுல நனைச்ச பஞ்ச வச்சு அழுத்தினா ஒரு அஞ்சு நிமிசத்துக்குள்ள ரத்தம் நிக்கணும், நிக்காம கசிஞ்சுட்டே இருந்தா உள்ள வீக்கம் ஆழமா இருக்குன்னு அர்த்தம், அப்ப எவ்வளவு ஒசத்தியான மருந்த வச்சாலும் வேஸ்ட். 1965-ல ககேஹாஷின்னு ஒருத்தரும் அவர் கூட்டாளிகளும் எலிப் பல்லுல ஓட்டை போட்டு சும்மா விட்டுட்டுப் பாத்தாங்க, கிருமியே இல்லாம வளத்த எலிக்கு எந்த மருந்தும் வைக்காமலே பல்லு தானா மூடிக்கிச்சு, சாதாரண எலிக்கு சீழ் புடிச்சு செத்துப் போச்சு பல்லு. அதாவது ஆத்துறது பல்லுதான், மருந்தோட வேலை கிருமிய உள்ள விடாம காவல் நிக்கிறது. இத மனசுல வச்சுட்டு மேல படிங்க, ஏன்னா எல்லா மருந்தையும் நான் இந்தக் காவல் கணக்குலதான் எடை போடப் போறேன்.

சுண்ணாம்புக்கு வருவோம். 1920-ல ஹெர்மன்னு ஒரு ஜெர்மன் டாக்டர் கொண்டு வந்தது. காரம் பயங்கரம், பிஹெச் 12.5 பக்கம், அதால கிருமி சாகும், சதையோட மேல் தோல் லேசா வெந்து போகும், அந்த வெந்த எடத்துக்குக் கீழ பல்லு பயந்து போய் ஒரு புது மூடி கட்டும். இதுவரைக்கும் எல்லாம் சரி. ரெண்டு டியூப், டைகால்னு பேர், பேப்பர் மேல ரெண்டையும் கலக்கி ஒரு பொட்டு வச்சா சில நிமிசத்துல எறுகிடும், கரண்ட் வேணாம், மெஷின் வேணாம், விலையும் ரொம்பக் கம்மி, ஒரு செட் வாங்கினா வருசம் ஓடும். இந்த ஊர்ல பாதி கிளினிக் இதுலதான் ஓடுது, நானும் பல வருசம் இதத்தான் வச்சேன்.

பிரச்சனை என்னன்னா இது பல்லோட ஒட்டாது, நாளாவட்டத்துல கரையுது. சுண்ணாம்பு அடிச்ச செவுரு ரெண்டு மழையில என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா, அதே கதைதான், வருசம் கழிச்சு பழைய ஃபில்லிங்க எடுத்துப் பாத்தா அடியில மருந்து இருந்த எடம் காலியா இருக்கும், நானே எத்தனையோ பாத்திருக்கேன். சரி மருந்து போனா போகட்டும் கீழ பல்லு கட்டின மூடி இருக்கே காவலுக்குன்னு நெனச்சா அதுலயும் ஓட்டை. 1996-ல காக்ஸ் குழு குரங்குப் பல்லுல பாத்தப்ப சுண்ணாம்புக்குக் கீழ உண்டான மூடிகள்ல 89 சதவீதத்துல சின்னச் சின்ன சுரங்கம் மாதிரி ஓட்டை இருந்துச்சு. மேல ஃபில்லிங் கொஞ்சம் கசிஞ்சா போதும், கிருமி நேரா சுரங்க வழியா உள்ள இறங்கிடும்.

இப்ப சிமென்ட். எம்டிஏன்னு சொல்லுவாங்க, விரிச்சா மினரல் ட்ரையாக்சைடு அக்ரிகேட். கலிஃபோர்னியாவுல லோமா லிண்டா யுனிவர்சிட்டில மஹ்மூத் தோராபிநெஜாத்னு ஒரு ப்ரொஃபசர் குழு 1993-ல வெளிய சொன்னது, 1998-ல அமெரிக்காவுல அனுமதி. உள்ள என்ன இருக்குன்னா நிஜமாவே வீடு கட்டுற போர்ட்லண்ட் சிமென்ட்தான் சுமார் 75 சதவீதம், எக்ஸ்ரேல வெள்ளையா தெரியுறதுக்கு பிஸ்மத் ஆக்சைடு 20, மிச்சம் 5 ஜிப்சம். அதுக்காக சிமென்ட் மூட்டையில இருந்து ஒரு சிட்டிகை எடுத்து வச்சுடலாம்னு நெனைக்காதீங்க, கட்டட சிமென்ட்ல ஈயம் ஆர்செனிக் எல்லாம் எவ்வளவு இருக்கும்னு யாரும் கணக்குப் பாக்குறதில்ல, அரைப்பும் இவ்வளவு மாவா இருக்காது.

எனக்கு ரொம்பப் புடிச்ச விசயம் இங்கதான். சிமென்ட் தண்ணி பட்டு எறுகும்போது என்ன வெளிய விடுது தெரியுமா, அதே சுண்ணாம்புதான்! அதே கால்சியம் ஹைட்ராக்சைடு. அதாவது பழைய மருந்தோட வேலைய இதுவும் செய்யுது, ஆனா கரைஞ்சு ஓடாம கல்லு மாதிரி எடத்துலயே உக்காந்து, ஈரத்துலயும் எறுகி, பல்லோட ஓரத்த அடைச்சிட்டு, உள்ள இருந்து கொஞ்சங் கொஞ்சமா சுண்ணாம்ப விடுது. காவல்காரன் சாப்பாடும் கொண்டு வந்த மாதிரி. அதனால சுண்ணாம்பா சிமென்ட்டான்னு நான் தலைப்பு வச்சதே ஒரு வகைல தப்பு, நிக்காத சுண்ணாம்பா நிக்கிற சுண்ணாம்பான்னு கேக்கணும்.

வித்தியாசம் பேச்சுல மட்டுமில்ல, நம்பர்லயும் இருக்கு. 2013-ல வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, பெரிய ஆஸ்பத்திரில இல்ல, நம்மள மாதிரி சாதாரண கிளினிக் 35-ல, 376 பேருக்கு செஞ்சு பாத்தது, ரெண்டு வருசத்துல சுண்ணாம்பு வச்சதுல 31.5 சதவீதம் தோத்துப் போச்சு, எம்டிஏல 19.7. 2017-ல இன்னொண்ணு, பெரியவங்க கடைவாய்ப் பல்லுல சொத்தையால நரம்பு தெரிஞ்ச கேஸ் மட்டும், மூணு வருசம் கழிச்சு எம்டிஏ வச்சது 85 சதவீதம் நல்லா இருந்துச்சு, டைகால் வச்சது 52. டைகால்ல ஏறக்குறைய பாதி தோத்துடுச்சு! ஐரோப்பிய ரூட் கெனால் சங்கம் 2019-ல வெளியிட்ட அறிக்கையிலயும் இந்த சிமென்ட் வகையத்தான் வைக்கச் சொல்லிட்டாங்க. ஆக உங்க டாக்டர் சிமென்ட் வைக்கணும்னு சொன்னா காசு புடுங்குறார்னு அர்த்தம் இல்ல.

எம்டிஏக்கும் குறை உண்டு, அத மறைக்க மாட்டேன். முதல்ல வந்த வகை முழுசா எறுக ரெண்டே முக்கால் மணி நேரம், இப்ப வர்ற சில வகை கால் மணில எறுகிடும். மூணு பங்கு பொடிக்கு ஒரு பங்கு தண்ணி, கண்ணாடித் துண்டு மேல கலக்கினா ஈர மணல் மாதிரி இருக்கும், அத எடுத்து வாய்க்குள்ள கொண்டு போறதுக்குள்ள பாதி உதிரும், கத்துக்கிட்ட புதுசுல எனக்கு அழுகையே வந்திருக்கு. எங்க மழைக்காலம் மே மாசத்துல ஆரம்பிச்சா அக்டோபர் வரைக்கும் இழுக்கும், பாக்கெட்ட பிரிச்சு வச்சா ஈரம் குடிச்சு கட்டியாகி வீணாப் போகும், நான் மூடி இறுக்கமான குட்டி டப்பால பங்கு பங்கா பிரிச்சு வச்சிருக்கேன். பெரிய குறை கலர். கிரே எம்டிஏ மட்டுமில்ல வெள்ளைன்னு விக்கிறதும் கருக்கும், அந்த பிஸ்மத்து ஹைப்போகுளோரைட்டோட சேந்தா காப்பிக் கலராகிடும், நாமதான் ரத்தம் நிறுத்த ஹைப்போகுளோரைட் வைக்கிறோமே, அதனால வச்சப்புறம் சலைன் விட்டு நல்லா கழுவிட்டுதான் எம்டிஏ வைக்கணும். கடைவாய்ல கருத்தா யாருக்குத் தெரியப் போகுது, முன் பல்லுல கருத்தா கல்யாண ஃபோட்டோல தெரியும்.

பயோடென்டின்னு அடுத்தது. பிரெஞ்சு கம்பெனி செப்டோடோன்ட், 2009 வாக்குல வந்தது. இதுவும் அதே சிமென்ட் குடும்பம்தான், ஆனா பிஸ்மத் இல்ல, அதுக்கு பதிலா ஜிர்கோனியம் ஆக்சைடு, அதனால கருக்குற தொல்லை ரொம்பக் கம்மி. தண்ணில கால்சியம் குளோரைடு கலந்திருக்கு, அதால பன்னெண்டு நிமிசம் போல எறுகிடும். பல்லு ஆறுற விசயத்துல எம்டிஏவும் இதுவும் ஏறக்குறைய சமம்தான், ஒண்ணு ஒசத்தி ஒண்ணு மட்டம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. கையாள சுகம், அதுதான் வித்தியாசம். பெரிய ஓட்டையா இருந்தா முழுசையும் இதாலயே ரொப்பி அனுப்பிடலாம், ஆறு மாசம் வரைக்கும் தாங்கும், அப்புறம் மேல கொஞ்சம் சீவிட்டு கலர் ஃபில்லிங் வச்சுக்கலாம். எக்ஸ்ரேல பல்லு மாதிரியேதான் மங்கலா தெரியும், அதனால வேற டாக்டர்கிட்ட போனா இது பயோடென்டின்னு சொல்லிடுங்க, அவர் ஏதோ ஓட்டைன்னு நெனச்சு தோண்டிடப் போறார்.

ஆனா யாங்கோன்ல இதுக்கு ஒரு எமன் இருக்கு. கரண்ட்.

பயோடென்டின் கேப்ஸ்யூல்ல வரும், தொறந்து அஞ்சு சொட்டு தண்ணிய விட்டு மூடி, நிமிசத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேல ஆட்டுற மெஷின்ல முப்பது செகண்ட் வைக்கணும். போன வருசம் பாகோல இருந்து ஒரு அக்கா பதினாலு வயசுப் பையனக் கூட்டிட்டு காலைல பஸ் ஏறி வந்தாங்க, கீழ் கடைவாய்ப் பல்லு, பெரிய சொத்தை. பையன் தங்கம், எச்சில் படாம இருக்க பல்லச் சுத்தி ரப்பர் ஷீட் மாட்டினாலும் அசையல. சொத்தைய எடுத்து முடிக்கிறப்ப ஒரு பொட்டு செவப்பு, பஞ்சு வச்சேன், நாலாவது நிமிசம் எடுத்துப் பாத்தா சுத்தமா நின்னிருக்கு, இதவிட நல்ல கேஸ் கிடைக்காது. கேப்ஸ்யூல தொறந்தேன், அஞ்சு சொட்டு, மெஷின்ல மாட்டி பட்டன அமுக்கினேன், பத்து செகண்ட் ஓடியிருக்கும், பட்டுனு எல்லாம் இருட்டு. அட்டவணைப்படி அந்த நேரம் கரண்ட் இருக்கணும். அசிஸ்டன்ட் தங்கச்சி ஜெனரேட்டர் இழுக்க ஓடினா, அது நாலு இழுப்புக்கு இருமிட்டு நின்னுச்சு. தண்ணி விட்டப்புறம் சிமென்ட் நமக்காக காத்திருக்குமா, கேப்ஸ்யூல தொறந்தப்ப உள்ள புட்டு மாவு மாதிரி ஒரு பக்கம் உதிரி ஒரு பக்கம் களி. தூக்கிப் போட்டேன். ஒரு கேப்ஸ்யூல் விலைக்கு அந்த அக்கா வீட்ல எத்தனை நாள் அரிசி வாங்குவாங்கன்னு எனக்குத் தெரியும், அந்தக் காச நான் அவங்க பில்லுல சேக்கல.

அப்புறம் என்ன, குட்டி டப்பால இருந்த எம்டிஏவ எடுத்து கண்ணாடி மேல கையாலயே கலக்கினேன், அந்த அக்கா மொபைல் லைட்ட புடிச்சிட்டு நின்னாங்க, "டாக்டரம்மா இது என்ன மா அரைக்கிறீங்க விபூதி மாதிரி இருக்கு"ன்னு கேட்டாங்க, கை நடுக்கத்துலயும் சிரிப்பு வந்துருச்சு. வச்சு, மேல கிளாஸ் அயோனமர்னு பல்லோட ஒட்டுற ஃபில்லிங் போட்டு மூடி, அது எறுகிட்டு இருக்கும்போது தெருவுல புள்ளைங்க "மீ லாபி"ன்னு கத்துற சத்தம். கரண்ட் வந்துருச்சாம்.

அன்னைக்கு இருந்து என் முடிவு மாறிடுச்சு. புத்தகத்துல ரெண்டும் சமம்னு இருக்கலாம், மெஷின் ஓடாத ஊர்ல சமம் கிடையாது. இன்வெர்ட்டர்ல ஓட்டலாமேன்னு கேப்பீங்க, வோல்டேஜ் எறங்கியிருந்தா மெஷின் மெதுவா ஆட்டும், கலவை சரியா வராது, அதுவும் பாத்தாச்சு.

கலக்கவே வேணாம் அப்படியே எடுத்து வைன்னு ஒரு வகை வருது, பயோசெராமிக் புட்டி. ஐரூட் பிபி பிளஸ், டோட்டல்ஃபில் அப்படின்னு பேருங்க. சிரிஞ்ச்லயோ டப்பாலயோ களிமண்ணு பதத்துல இருக்கும், பல்லுல இருக்குற ஈரத்த உறிஞ்சியே எறுகிக்கும். கரண்ட் தேவையில்ல, உதிராது, கருக்குறதும் கம்மி, கேக்க நமக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குல்ல? ஆனா மொத்தமா ஒரு சிரிஞ்ச் வாங்கணும், அது ஒரே அடியா பெரிய காசு, தொறந்தப்புறம் மூடி சரியா இல்லன்னா காத்து ஈரத்துலயே நுனி எறுகிடும். மாசத்துக்கு பத்து கேஸ் பாக்குற எடத்துக்கு இது லாபம், எனக்கு மாசம் ரெண்டு மூணுதான் வரும், பாதி சிரிஞ்ச் தேதி முடிஞ்சு குப்பைக்குப் போச்சு. ரெண்டு மூணு டாக்டருங்க சேந்து வாங்கி பங்கு போட்டா சரியா வரும்னு ஒரு யோசனை ஓடிட்டு இருக்கு, சுத்தம் யார் பாத்துக்குறதுன்னுதான் சண்டை.

தெராகால் பத்தி சீக்கிரம் சொல்லிடுறேன். இருபது செகண்ட் நீல லைட் அடிச்சா எறுகிடும், லைட் பேட்டரில ஓடும், அதனால கரண்ட் போற ஊர்ல ரொம்ப ஆசை காட்டும். ஆனா அதுல ரெசின், அதாவது பிளாஸ்டிக் மாதிரி ஒரு பசை, கலந்திருக்கு, எறுகாம மிச்சமிருக்குற ரெசின் உயிர் சதை மேல படுறது எனக்கு சம்மதம் இல்ல, கால்சியம் விடுறதும் சுத்த சிமென்ட்ட விடக் கம்மி. நரம்பு தெரியல, மேல மெல்லிசா பல்லு மிச்சமிருக்குன்னா அங்க தாராளமா வைப்பேன். கிராம்புத் தைலம் கலந்த ஃபில்லிங் இருக்கே, நம்ம அம்மாங்களுக்கு ரொம்பப் புடிச்ச வாசனை, அது வலிய அமுக்கும், அவ்வளவுதான், தெரிஞ்ச நரம்பு மேல நேரா வச்சா மூடியும் கட்டாது உள்ள வீக்கமும் போகாது.

சரி யாருக்கு எது? முன் பல்லு ஒடஞ்சு நரம்பு தெரிஞ்சா, திஞ்சான் தண்ணித் திருவிழா வந்தாலே வழுக்கி விழுந்த புள்ளைங்க ரெண்டு பேராவது வருவாங்க, அங்க நான் பயோடென்டின்தான், கரண்டுக்காக காத்திருந்தாவது அதத்தான் வைப்பேன், கலரால. இதுல ஒரு நல்ல சேதி, அடிபட்டு ஒடஞ்ச பல்லுல கிருமி ஆழமா போயிருக்காது, மேல ரெண்டு மில்லிமீட்டர் சதைய மட்டும் சீவிட்டு மூடினா பிரமாதமா ஆறும், 1978-ல ஸ்வெக்னு ஒரு டாக்டர் வெறும் சுண்ணாம்ப வச்சே 96 சதவீதம் ஜெயிச்சுக் காட்டியிருக்கார். அதனால ஊர்ல கிளினிக்குல டைகால் மட்டும்தான் இருக்கு, புள்ள பல்லு இப்பதான் ஒடஞ்சுதுன்னா, சிமென்ட் தேடி யாங்கோன் வரைக்கும் அலைஞ்சு ரெண்டு நாள் வீணாக்காதீங்க, அங்கயே மூடிக்கிட்டு அப்புறம் வாங்க. ஒடஞ்ச துண்டு கிடைச்சா அதையும் ஈரமா எடுத்துட்டு வாங்க, பல நேரம் அதையே ஒட்டிடலாம்.

கடைவாய், சொத்தையால தெரிஞ்சது, அப்ப எம்டிஏ. இங்க சுண்ணாம்பு எனக்கு கடைசி கடைசி சாய்ஸ், அதுவும் வேற எதுவுமே இல்லன்னா, ஆறு மாசத்துல கண்டிப்பா வந்து காட்டுவேன்னு சொல்றவங்களுக்கு மட்டும். தூரத்துல இருந்து வர்றவங்களுக்கு, எம்டிஏ எறுகட்டும்னு ஈரப் பஞ்ச வச்சு அனுப்பி நாளைக்கு வாங்கன்னு சொல்ற பழைய முறை ஒத்து வராது, தாட்டன்ல இருந்து வந்தவரு நாளைக்கு எங்க வருவார், அதனால எம்டிஏ மேல உடனே கிளாஸ் அயோனமர் போட்டு அன்னைக்கே முடிச்சு அனுப்பிடுறேன். எந்த மருந்தா இருந்தாலும் மேல மூடி அன்னைக்கே இறுக்கமா போட்டாகணும், இதுல மட்டும் நான் பேரம் பேச மாட்டேன். கோப்பித்தூள் அளவு இடுக்கு இருந்தாலும் போதும் கிருமிக்கு.

டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னா, என்ன மருந்துன்னு கேக்குறதுக்கு முன்னாடி ரத்தம் எத்தனை நிமிசத்துல நின்னுச்சுன்னு கேளுங்க, ரப்பர் ஷீட் மாட்டுவீங்களான்னு கேளுங்க. அப்புறமா மருந்து பேர சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. வச்சப்புறம் ரெண்டு மூணு நாள் ஜில்லுன்னு பட்டா கூசும், பயப்படாதீங்க, நாள் போகப் போக கூச்சம் குறையணும். குறையாம தானா வலிக்க ஆரம்பிச்சா சும்மா வலி மாத்திரை போட்டுட்டு உக்காந்திருக்காம வாங்க. வலியே இல்லன்னாலும் ஆறு மாசம், ஒரு வருசத்துல ஒரு எக்ஸ்ரே எடுக்கணும், சில பல்லு சத்தமே போடாம செத்துப் போகும்.

அந்த பாகோ பையன் ஒரு வருசம் கழிச்சு போன மாசம் வந்தான், மீசை அரும்பியிருக்கு, ஐஸ் வச்சா "ஆ அக்கா"ன்னு கத்துறான், அதுதான் எனக்கு வேணும், பல்லு உயிரோட இருக்கு. எக்ஸ்ரேல வேர் நுனி சுத்தமா இருக்கு, எம்டிஏக்குக் கீழ ஒரு மெல்லிசு வெள்ளைக் கோடு மாதிரி ஏதோ தெரியுது, மூடிதானான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், அடுத்த வருசமும் வரச் சொல்லியிருக்கேன். அவங்க அம்மா போகும்போது "அந்த விபூதி மருந்தயே எனக்கும் வச்சுடுங்க"ன்னு வாயத் தொறந்து காட்டினாங்க, அவங்களுக்கு அது தேவையில்ல, ஓரத்துல ஒரு சின்ன சொத்தைதான்.

திஞ்சானுக்கு முன்னாடி சப்ளையர்கிட்ட அஞ்சு கேப்ஸ்யூல் உள்ள பயோடென்டின் பெட்டி ஒண்ணு, எம்டிஏ ரெண்டு பாக்கெட் சொல்லி வச்சிருக்கேன். டைகால் பழைய டியூப் இன்னும் டிராயர்ல கிடக்கு.